பயிர்க்காவல் துப்பாக்கியும் பின்வீச்சும்

சுத்தம் சோறு போடும் என்பது நம் முன்னோர் மொழி. தறிமேடைக்கும் களத்துமேட்டுக்கும் பொருந்துகின்ற இம்மொழி, பயிரைக் காப்பதற்காக வீட்டில் வைத்திருக்கும் துப்பாக்கிக்கும் பொருந்தும். இன்னும் சொல்லப்போனால், மற்றவற்றில் சுத்தம் குறைந்தால் வருவாய் குறையும். துப்பாக்கியில் சுத்தம் குறைந்தால் கண் போகும். சில வேளைகளில் உயிரும் போகும்.

திருத்தணி, பள்ளிப்பட்டு, ஊத்துக்கோட்டை வட்டங்களில் குன்றையும் காப்புக்காட்டையும் அடுத்து நிலம் வைத்திருக்கும் அங்கத்தினர்களுக்குக் காட்டுப்பன்றியின் தொல்லையைப் பற்றி நாம் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. நிலக்கடலை காய்பிடிக்கும் தருணத்தில் ஒரே இரவில் ஒரு கூட்டம் இறங்கினால், காலையில் உழுது போட்ட நிலம்போலக் கிடக்கும். இத்தகைய இடங்களில் உரிமம் பெற்று, வாய்வழியாக மருந்திட்டுச் சுடும் துப்பாக்கி வைத்திருப்போர் உண்டு. தந்தையார் காலத்துத் துப்பாக்கியை முறைப்படி உரிமம் மாற்றி வைத்திருப்போரும் உண்டு. அவர்களில் பலரும் கூறும் குறைகள் இரண்டு. ஒன்று, சுடும்போது கேப்பு வெடிக்கும் இடத்திலிருந்து நெருப்பும் புகையும் முகத்தை நோக்கி அடிக்கின்றன என்பது. மற்றொன்று, இரண்டு மூன்று முறை சுட்டதும் குழலுக்குள் கரிக்கசடு படிந்து, மருந்து கிட்டிக்கும் கம்பி இறங்க மறுக்கிறது என்பது. முன்னதைப் பின்வீச்சு என்றும் பின்னதைக் கசடு என்றும் இக்கட்டுரையில் வழங்குவோம். இவ்விரண்டும் தனித்தனி நோய்கள் போலத் தோன்றினாலும் ஒன்றை ஒன்று வளர்ப்பவை. இரண்டையும் குறைக்கும் வழி, பெரும்பாலும் அங்கத்தினர்களின் கையிலேயே இருக்கிறது.

வெடிமருந்தும் நமது வட்டாரமும்

வெடிமருந்து நமது வட்டாரத்துக்குப் புதிய பொருளன்று. கும்மிடிப்பூண்டிக்குக் கிழக்கே கடற்கரையில் உள்ள பழவேற்காட்டில் 1613ஆம் ஆண்டில் டச்சுக்காரர் கெல்திரியா என்னும் கோட்டையை எழுப்பினர். சோழமண்டலக் கரையில் அவர்களுடைய தலைமையிடமாகப் பல ஆண்டுகள் விளங்கிய அவ்வூரில், அக்காலத்து நெசவாளர் நெய்த துணி கப்பலேறித் தென்கிழக்காசியத் தீவுகளுக்குச் சென்றது. அதே ஊரில், அதே 17ஆம் நூற்றாண்டில், டச்சுக் கம்பெனியார் வெடிமருந்து ஆலை ஒன்றையும் நடத்தினர். அங்கே ஆன மருந்து கடல்கடந்த அவர்களுடைய கோட்டைகளுக்கும் சென்றது. தறியும் வெடிமருந்தும் அடுத்தடுத்துத் தொழிலாக நடந்த ஊர் அது.

அந்நாளைய கருமருந்தும் இந்நாளைய கருமருந்தும் அடிப்படையில் ஒன்றே. வெடியுப்பு, கரி, கந்தகம் ஆகிய மூன்றின் கலவையே அது. அதன் குணத்தை அறிந்தால்தான் கசட்டின் குணம் விளங்கும்.

கசடு எதனால் ஆனது?

விறகு எரிந்தால் சிறிதளவு சாம்பல்தான் மிஞ்சுகிறது. கருமருந்து அப்படியன்று. ஆண்ட்ரூ நோபிள், பிரடெரிக் ஏபல் என்னும் பிரித்தானிய அறிஞர் இருவர் மூடிய எஃகுக் கலத்துக்குள் கருமருந்தை எரித்து ஆராய்ந்து 1875ஆம் ஆண்டில் தம் முடிவுகளை வெளியிட்டனர். எரிந்த மருந்தின் எடையில் 100க்கு ஏறத்தாழ 43 பங்கே வாயுவாகிறது என்றும், மீதி 57 பங்கு திடப்பொருளாகவே நிற்கிறது என்றும் அவர்கள் கண்டனர். அதாவது, குழலில் இட்ட மருந்தில் பாதிக்கு மேற்பட்டது குண்டைத் தள்ளும் வாயுவாக மாறுவதே இல்லை. அதில் ஒரு பகுதி வெண்புகையாய் வெளியே போகிறது. மற்றொரு பகுதி குழலின் சுவரில் ஒட்டிக்கொள்கிறது.

அவ்வாறு ஒட்டிக்கொள்வது வெறும் கரி அன்று என்பதே இங்குக் கவனிக்க வேண்டுவது. அதில் பெரும்பங்கு பொட்டாசியத்தின் உப்புகள். அவற்றுள் கார்பனேட்டு என்னும் உப்பு காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சி இழுத்துக்கொள்ளும் இயல்புடையது. கந்தகம் சேர்ந்த சல்பைடு உப்பும் உடன் இருக்கிறது. துப்பாக்கி கழுவும் நீரில் அழுகிய முட்டையின் நாற்றம் வீசுவது அதனாலேயே. பழைய முறைக் கேப்புகளில் பொட்டாசியம் குளோரேட்டு சேர்ந்திருக்கும். அது வெடித்தபின் குளோரைடாக எஞ்சும். நாம் உண்ணும் உப்புக்கு உடன்பிறந்தது அது. ஈர நாளில் உப்பு ஜாடி கசிவதுபோல் இதுவும் கசிந்து இரும்பை அரிக்கும்.

ஆகவே, சுட்ட துப்பாக்கியைச் சுவரில் மாட்டிவிட்டு மறுவாரம் பார்க்கலாம் என்று இருப்பவர், உண்மையில் உப்புக் கரைசலைப் பூசி இரும்பை மாட்டி வைத்தவர் ஆவர். பழவேற்காட்டுப் பக்கத்து உப்பங்காற்றில் ஓரிரவிலேயே செந்துரு பிடிக்கக் காணலாம். திருத்தணிப் பக்கத்துக் கோடை வெயிலில் துரு சற்றுத் தாமதிக்கும். ஆனால் கசடு காய்ந்து ஓடுபோல் இறுகிவிடும். ஈரக் காற்றில் மென்மையும் வறண்ட காற்றில் கடினமும் அடைவது கசட்டின் இயல்பு. கோடையில் கம்பி இறங்க மறுப்பதன் காரணம் இதுவே.

நெருப்பு பின்னோக்கி வருவது ஏன்?

பழங்காலத்துச் சக்கிமுக்கித் துப்பாக்கியில் கல்லின் பொறி கிண்ணத்திலுள்ள மருந்தில் பட்டுப் பின்பு குழலுக்குள் தீ சென்றது. அந்தக் கிண்ணத்துச் சுடரைக் கண்டே பறவைகள் பறந்துவிடுகின்றன என்று மனம் நொந்த அலெக்சாண்டர் பார்சைத் என்னும் ஸ்காத்லாந்துப் பாதிரியார், அடிபட்டால் வெடிக்கும் இரசாயனப் பொருளைக் கொண்டு தீ மூட்டும் முறையைக் கண்டு 1807இல் காப்புரிமை பெற்றார். அதிலிருந்து வளர்ந்ததே செப்புக் குல்லாய் போன்ற இன்றைய கேப்பு. குழலின் அடியில் திருகிய காம்பின்மேல் இக்கேப்பைப் பொருத்துகிறோம். விசையை இழுத்ததும் குதிரை விழுந்து கேப்பை நசுக்குகிறது. தீப்பிழம்பு காம்பின் நடுத்துளை வழியே உள்ளே சென்று மருந்தைப் பற்றவைக்கிறது.

தீ உள்ளே போவதற்கு ஒரு துளை வேண்டும். ஆனால் உள்ளே மருந்து எரிந்து அழுத்தம் எழும்போது, அதே துளை வாயு வெளியே வருவதற்கும் வழியாகிவிடுகிறது. குண்டு போகும் வாய் முன்புறம் இருக்க, பின்புறம் இந்தச் சிறு வாய் இருக்கிறது. இதனை அடைத்துப் பிடிப்பவை மூன்று: துளையின் சிறுமை, கேப்பின் இறுக்கமான பொருத்தம், குதிரையின் பளு. இம்மூன்றில் ஒன்று தளர்ந்தாலும் பின்வீச்சு பெருகும்.

அது பெருகியதை அறியும் அடையாளங்கள் எளியவை. சுட்டபின் குதிரை தானாகப் பின்னுக்குத் தள்ளப்பட்டுப் பாதி நிலையில் நிற்குமானால், காம்பின் துளை அரித்து அகன்றுவிட்டது என்று ஐயுற வேண்டும். கேப்பு துண்டு துண்டாகச் சிதறுவதும், கட்டையின் மணிக்கட்டுப் பக்கம் கரி அப்புவதும் அதற்குத் துணைச் சாட்சிகள். கேப்பு காம்பில் முழுவதும் இறங்காமல் பாதியில் நிற்பது மற்றொரு காரணம். காம்பின் அளவுக்குச் சிறியதாயின் கேப்பு இறங்காது; பெரியதாயின் ஆடும். குதிரையின் வில் சோர்ந்திருப்பது மூன்றாவது. காம்பின் மரை தேய்ந்து இடைவெளி விட்டிருப்பது நான்காவது. இதுவே எல்லாவற்றிலும் கொடிது. ஏனெனில் அங்கே காம்பே பிய்த்துக்கொண்டு முகத்தில் பாயக்கூடும்.

இனி, கசடு பின்வீச்சை எங்ஙனம் வளர்க்கிறது என்று காண்போம். துளையில் கசடு அடைத்தால் தீ உள்ளே போகாது. கேப்பு வெடிக்கும், துப்பாக்கி வெடிக்காது. குழலில் கசடு தடித்தால் குண்டும் தக்கையும் மருந்தின்மேல் சென்று அமராமல் நடுவழியில் நின்றுவிடும். மருந்துக்கும் குண்டுக்கும் இடையே வெற்றிடம் விடுவது குழல் புடைக்கவும் வெடித்துப் பிளக்கவும் காரணமாகும். பாதியில் நின்ற குண்டைப் “போதும்” என்று விட்டுச் சுடுபவர், தம் இடக்கையைப் பணயம் வைக்கிறார். அதற்கு மேலாக ஒரு பிடி மருந்தைக் கூட்டிப் போட்டால் தூரம் கூடும் என்று எண்ணுவோரும் உண்டு. தூரத்தைவிட முந்திக் கூடுவது பின்வீச்சும் கசடுமே.

கசடும் 1857ஆம் ஆண்டும்

கசட்டைக் குறைக்கும் முயற்சி நம் நாட்டு வரலாற்றையே புரட்டியதுண்டு. 1853ஆம் ஆண்டு மாதிரி என்பீல்டு துப்பாக்கியின் குழலுக்குள் புரிவெட்டு உண்டு. கசடு படிந்தால் அதில் குண்டு இறங்குவது கடினம். குண்டு எளிதாக இறங்கவும் கசடு இளகி இருக்கவும் அதன் காகிதத் தோட்டாவின்மேல் கொழுப்புப் பூசினார்கள். அத்தோட்டாவைப் பல்லால் கடித்துத் திறப்பது சிப்பாய்களின் பயிற்சி முறை. பூசியது பசுவின் கொழுப்பும் பன்றியின் கொழுப்பும் என்ற செய்தி பரவியது. 1857 மார்ச்சு 29இல் பரக்பூரில் மங்கள் பாண்டே எழுந்ததும், மே 10இல் மீரத்தில் சிப்பாய்கள் கிளர்ந்ததும் யாவரும் அறிந்தவை. அப்போருக்குக் காரணங்கள் பல உண்டு. ஆயினும் தீப்பொறியாக விழுந்தது, துப்பாக்கிக் குழலின் கசட்டுக்குச் செய்த ஒரு மருந்து என்பதை மறத்தற்கில்லை.

அயல்நாட்டார் கண்ட பாடம்

அமெரிக்க நாட்டின் பல மாநிலங்களில் வாய்வழி மருந்திடும் துப்பாக்கிக்கென்றே தனி வேட்டைப் பருவம் ஒதுக்கியிருக்கிறார்கள். ஆதலின் அங்கே இப்பழைய கருவியைத் திருத்தியமைக்கும் முயற்சி ஓயவில்லை. மிசௌரி மாநிலத்துத் துப்பாக்கிக் கைவினைஞர் டோனி நைட் என்பவர் 1985இல் எம்.கே.-85 என்னும் துப்பாக்கியை வெளியிட்டார். பக்கவாட்டில் காம்பும் குதிரையும் இருப்பதை விடுத்து, குழலின் நேர் பின்னே ஒரே கோட்டில் தீ மூட்டும் அமைப்பு அதில் இருந்தது. இவ்வகையை நேர்வரிசைத் துப்பாக்கி என்கிறார்கள். இதன் பின்னடைப்பைக் கழற்றிக் குழலை இருபுறமும் திறந்து கழுவலாம் என்பது ஒரு பெரிய வசதி. நாளடைவில் இத்துப்பாக்கிகளில் சிறு கேப்புக்குப் பதிலாகத் தோட்டாத் துப்பாக்கியின் வேட்டுத்தோட்டாவில் பொருத்தும் 209ஆம் எண் கேப்பைப் பயன்படுத்தலாயினர்.

வசதியோடு தொல்லையும் வந்தது. 209ஆம் எண் கேப்பு, புகையில்லா மருந்தைப் பற்றவைப்பதற்கென்று ஆனது, மிக்க வலிவுடையது. கருமருந்துக்கும் அதற்கு மாற்றான மருந்துகளுக்கும் அத்துணை வலிவு வேண்டியதில்லை. மருந்து முழுதும் பற்றுவதற்கு முன்பே கேப்பின் வீச்சு குண்டைச் சற்று முன்னே தள்ளிவிடுவதும், குண்டு நின்ற இடத்துக்கு அருகே வளையம்போல் கடுங்கசடு படிவதும் கண்டார்கள். அடுத்த குண்டு அந்த வளையத்திலேயே தடைப்படும். இதற்குக் கண்ட மருந்து, வலிவு குறைத்த கேப்பை இத்துப்பாக்கிகளுக்கெனத் தனியே செய்ததாகும். எனினும் சிலவகை மாற்று மருந்துகள் வலிவுள்ள கேப்பு இன்றிப் பற்றா. ஆதலால் அவர்கள் கொண்ட முடிவு, மருந்துக்கு ஏற்ற கேப்பு என்பதே.

பின்வீச்சுக்கும் அவர்கள் காரணம் கண்டார்கள். கேப்புக்கும் அதன் பின்னே தாங்கும் இரும்புக்கும் இடையே மயிரிழை இடைவெளி இருந்தாலும், கேப்பு பின்னுக்கு நகர்ந்து சுற்றிலும் வாயுவைக் கசியவிடுகிறது. அதனைத் தடுக்க மெல்லிய தகட்டு வளையமோ ரப்பர் வளையமோ இட்டு இடைவெளியை நீக்குகிறார்கள். தீத்துளை அரித்து அகன்றதும் பின்னடைப்பையோ துளையுள்ள சிறு திருகையோ மாற்றிவிடுகிறார்கள். துளை என்பது தேயும் பொருள், காலத்தில் மாற்ற வேண்டிய பொருள் என்று அவர்கள் கருதுகிறார்கள். நம்மவரோ காம்பைத் துப்பாக்கியின் ஆயுளோடு ஒன்றாகக் கருதி விட்டுவிடுகிறோம். வண்டிக்கு அச்சாணிபோலத் துப்பாக்கிக்குக் காம்பு. தேய்ந்த அச்சாணியோடு சந்தைக்கு வண்டி கட்டுவார் எவரும் இல்லை.

கழுவும் முறை

கழுவத் தொடங்குமுன் செய்ய வேண்டுவது, குழல் வெறுமையா என்று அறிதல். வெறுங்குழலுக்குள் கம்பியை இறக்கி, வாயோடு வாய் பொருந்தும் இடத்தில் ஒரு கோடிட்டு வைத்துக்கொண்டால், பிறகு எந்நாளும் கம்பியை இறக்கியவுடன் உண்மை தெரியும். கோடு வாய்க்கு மேலே நின்றால் உள்ளே மருந்து இருக்கிறது என்பது பொருள். காம்பில் கேப்பு இருக்கவே கூடாது. வாயின் நேரே முகத்தையோ கையையோ நீட்டலாகாது. சிறுவர் பக்கத்தில் இருக்கலாகாது.

அடுத்தது நீர். பலரும் எடுத்த எடுப்பில் எண்ணெயைத் தேடுகிறார்கள். இது தவறான வழக்கம். கசட்டின் பெரும்பங்கு உப்பு என்று மேலே கூறினோம். உப்பைக் கரைப்பது நீரே அன்றி எண்ணெயன்று. கழுவாத கசட்டின்மேல் எண்ணெய் பூசினால், உப்பை உள்ளே வைத்து மெழுகியது போலாகும். வெந்நீரில் சிறிது சோப்புக் கரைத்து, துணி சுற்றிய கம்பியால் குழலை மேலும் கீழும் தேய்க்க வேண்டும். காம்பைக் கழற்றும் சாவி துப்பாக்கியோடு வந்திருந்தால், காம்பைக் கழற்றித் தனியே நீரிலிட்டு, துளைக்குள் நுழையும் மெல்லிய பித்தளைக் கம்பியால் கசட்டைத் தள்ள வேண்டும். எஃகு ஊசியால் குடைந்தால் துளை அகலும். நோயைத் தீர்க்கப் போய் வளர்த்ததாகும். காம்பு இறுகிக் கழல மறுத்தால் அடித்துத் திருகலாகாது. கழுவும் நீர் தெளிவாக வரும்வரை இதனைச் செய்து, வெறும் வெந்நீரால் ஒருமுறை அலசினால், சூடேறிய இரும்பு தானே விரைவில் உலரும். பிறகு உலர்ந்த துணியால் துடைக்க வேண்டும்.

இத்துணியைப் பற்றி நெசவாளர் சங்கத்து அங்கத்தினர்களுக்குச் சொல்லும் செய்தி ஒன்றுண்டு. இதற்கு ஏற்றது பலமுறை துவைத்து இளகிய பருத்தித் துணியே. பழைய லுங்கித் துண்டும் வேட்டித் துண்டும் மிக நன்று. பருத்தி நீரை உறிஞ்சும், வெம்மையில் உருகாது. பாலியஸ்டர் முதலிய செயற்கை இழைகள் நீரை ஏற்பதில்லை; சூடான குழலில் உருகி ஒட்டிக்கொள்வதும் உண்டு. ஆகவே கலப்பு நூல் துணியை விலக்குக.

எண்ணெயின் முறை கடைசியில் வருகிறது. உலர்ந்த குழலில் மெல்லிய பூச்சாகத் துப்பாக்கி எண்ணெய் இடலாம். நல்லெண்ணெய், கடலை எண்ணெய் போன்றவை நாள்பட்டால் பிசினாகி விடும். நெடுநாள் வைப்புக்கு அவை ஆகா. மறுநாள் காலையில் வெண்துணி ஒன்றைச் செலுத்திப் பார்க்க வேண்டும். துணியில் செந்நிறம் கண்டால் உப்பு இன்னும் உள்ளே இருக்கிறது என்பது பொருள். மீண்டும் நீரிலிருந்து தொடங்க வேண்டும். மீண்டும் மருந்திடுமுன் குழலிலும் காம்பிலும் உள்ள எண்ணெயை முற்றும் துடைத்தல் வேண்டும். எண்ணெய் பட்ட மருந்து பற்றாது.

தேர்தல் காலங்களில் உரிமம் பெற்ற துப்பாக்கிகளைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கும்படி கேட்பது வழக்கம். அங்கே அவை பல வாரங்கள் கிடக்க நேரும். கழுவாமல் ஒப்படைத்துவிட்டுத் திரும்பப் பெற்றபோது துருவைக் கண்டு நொந்துகொள்வதில் பயனில்லை. கழுவி, உலர்த்தி, எண்ணெயிட்டு ஒப்படைத்தலும், திரும்ப வந்த அன்றே திறந்து பார்த்தலும் கடமை.

சுடும்போது கைக்கொள்ள வேண்டியவை

ஒருமுறை சுட்டதும் உடனே மருந்தை ஊற்றுதல் ஆபத்து. குழலுக்குள் கனன்றுகொண்டிருக்கும் பொறி ஒன்று இருந்தால், ஊற்றும் கையிலேயே மருந்து பற்றும். சிறிது பொறுத்து, பிழிந்த ஈரத்துணியால் குழலைத் துடைத்து, பின் உலர்துணியால் துடைத்து, அதன் பிறகே மருந்திட வேண்டும். இதனால் பொறியும் அணையும், கசடும் தடிக்காது. துணி சொட்டச் சொட்ட நனைந்திருந்தால் நீர் தீத்துளைக்குள் இறங்கித் துப்பாக்கி வெடிக்காமல் போகும்.

கேப்பு வெடித்தும் துப்பாக்கி வெடிக்கவில்லையானால், வாயை ஆளில்லாத் திசையில் வைத்தவாறே ஒரு நிமிடமேனும் காத்திருக்க வேண்டும். தாமதித்து வெடிப்பது உண்டு. உடனே திருப்பிப் பார்ப்பது கூடாது. கண்ணுக்கு உறுதியான கண்ணாடி அணிதல் நலம். காம்பு இருக்கும் பக்கத்தில் எவரையும் நிற்கவிடலாகாது. கேப்பின் துண்டுகள் அப்பக்கமே பறக்கும். தோட்டாவைப் பிரித்தெடுத்த புகையில்லா மருந்தைக் கருமருந்துத் துப்பாக்கியில் இடுவது தற்கொலைக்கு ஒப்பு. அதன் அழுத்தத்தைத் தாங்கும் வலிவு அக்குழலுக்கு இல்லை. மருந்தும் கேப்பும் உரிமம் பெற்ற கடையில், உரிமத்தில் குறித்த அளவே வாங்க வேண்டும்.

பட்டறைக்குக் கொண்டு போகலாமா?

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையிலும் அதைச் சுற்றியும் கடைசல் பட்டறைகள் பல உண்டு. ஒரு காம்பு கடைவதும் ஒரு மரை வெட்டுவதும் அங்குள்ள கைதேர்ந்த தொழிலாளிக்கு அரைமணி வேலை. “நம் பையன்தானே, செய்து தருவான்” என்ற எண்ணம் எழுவது இயல்பு. அந்த எண்ணத்தை அங்கத்தினர்கள் அறவே விட்டுவிட வேண்டும்.

1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5ஆம் பிரிவின்படி, உரிமம் இன்றித் துப்பாக்கி செய்வது மட்டுமன்று, அதனைப் பழுதுபார்ப்பதும் குற்றமாகும். 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் இதற்குக் குறைந்த தண்டனையே 7 ஆண்டுச் சிறை. ஆயுட்சிறை வரையிலும் செல்லலாம். உதவி செய்த இளைஞனின் வாழ்வு பாழாகும். துப்பாக்கிக்காரரும் வழக்கில் சிக்குவார். சட்டம் ஒருபுறம் இருக்க, எந்த எஃகு, என்ன பதம் என்றறியாமல் கடைந்த காம்பு முதல் வெடியிலேயே பறக்கலாம். கழுவுவதும் துடைப்பதும் நம் வேலை. காம்பு மாற்றுவதும் வில் மாற்றுவதும் உரிமம் பெற்ற துப்பாக்கிப் பழுதுபார்ப்பவர் வேலை. இந்த வரம்பைக் கடக்கலாகாது.

உழவருக்குச் சட்டம் பகையாக இருக்கிறது என்று எண்ணிவிட வேண்டாம். அதே சட்டத்தின் 13ஆம் பிரிவு, உண்மையான பயிர்க்காவலுக்காக வாய்வழி மருந்திடும் துப்பாக்கி கேட்கும் குடிமகனுக்கு உரிமம் வழங்க வேண்டும் என்று தனியே எடுத்துக் கூறுகிறது. அத்துப்பாக்கி போதாது என்று உரிமம் வழங்கும் அதிகாரி கருதினால், புரிவெட்டு இல்லாத வேறு துப்பாக்கிக்கு உரிமம் தரவும் இடம் வைத்திருக்கிறது. உரிமத்தின் காலம் முன்பு 3 ஆண்டுகளாக இருந்தது. 2019ஆம் ஆண்டுத் திருத்தம் அதனை 5 ஆண்டுகளாக்கியது. காலம் முடியுமுன் புதுப்பிக்க மறவற்க.

சுட உரிமை உண்டா?

துப்பாக்கிக்கு உரிமம் இருப்பது விலங்கைச் சுடுவதற்கு உரிமை ஆகாது. 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் காட்டுப்பன்றிக்கும் பொருந்தும். பயிரை அழிக்கும் விலங்கைக் கொல்ல அதற்குரிய அதிகாரியின் எழுத்து அனுமதி வேண்டும். 2025 சனவரியில் தமிழக அரசு அறிவித்த முறைப்படி, காப்புக்காட்டிலிருந்து 1 கிலோமீட்டர் வரை காட்டுப்பன்றியைச் சுட இடமில்லை. 1 முதல் 3 கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும். 3 கிலோமீட்டருக்கு அப்பால் உரிய அனுமதியின் பேரில் வனத்துறையினரே சுடுவர். ஆகவே, பயிர்க்காவல் துப்பாக்கியின் பயன் இன்று பெரும்பாலும் குண்டில் இல்லை, ஓசையில் இருக்கிறது. குண்டிடாமல் மருந்து மட்டும் வெடித்தாலும் கசடு படியும், கேப்பு வெடிக்கும், உப்பு அரிக்கும் என்பதை மட்டும் மறத்தலாகாது. ஓசைக்குத்தானே சுட்டோம் என்று கழுவாமல் வைத்த துப்பாக்கிகளே மிகுதியாகக் கெடுகின்றன.

மின்சாரத்தைத் திருட்டாக வேலியில் செலுத்துவதும், அவுட்டுக்காய் வைப்பதும் நம் அங்கத்தினர் எவரும் நினைத்தும் பார்க்கத் தகாதவை. அவற்றால் மாண்டவர்களில் பக்கத்து நிலத்துக்காரரும் கூலியாளும் உண்டு. பழஞ்சேலைகளை வரப்பைச் சுற்றிக் கட்டுவதும், இரவில் முறைவைத்துக் காவல் காப்பதும், சேதம் நேர்ந்தால் வனத்துறையிடம் எழுதிக் கொடுத்து இழப்பீடு கோருவதும் நேரிய வழிகள். தனியொருவர் கண்விழித்துக் காக்க முடியாத காட்டோர நிலத்தைப் பத்துப் பேர் முறைவைத்துக் காக்க முடியும். கூட்டுறவின் பொருளே அதுதான்.

துப்பாக்கி வைத்திருப்போர், சுட்ட அன்று மாலையே கழுவுவதை வழக்கமாக்கிக்கொள்வாராக. வேண்டுவது ஒரு குடம் வெந்நீரும் ஒரு முழம் பழந்துணியும் அரைமணி நேரமுமே. ஆண்டுக்கு ஒருமுறை காம்பையும் குதிரையின் வில்லையும் உரிமம் பெற்ற கைவினைஞரிடம் காட்டுவாராக. தேய்ந்ததை மாற்றுவதற்குச் சில நூறு ரூபாய் செலவாகுமே என்று தயங்குவோர், கண்ணின் விலை என்னவென்று எண்ணிப் பார்ப்பாராக. அங்ஙனம் பேணப்பெறாத துப்பாக்கி, வேலியே பயிரை மேய்ந்த கதையாய், காக்க வைத்தவரையே கொள்ளும்.